எட்டுப் பேருக்கு ரேட்டிங் போடுவதற்கு முன்

கேள்வி: வாடிக்கையாளர்களின் தொழில்நுட்பப் புகார்களைத் தீர்த்துவைக்கும் குழு ஒன்றில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். ஏழு மாதத்துக்கு முன் அதே குழுவுக்கு என்னை டீம் லீடராகப் போட்டார்கள். நேற்றுவரை பக்கத்து நாற்காலியில் இருந்த எட்டுப் பேருக்கு இப்போது நான் ஆண்டு ரேட்டிங் போட வேண்டும். ஒன்றிலிருந்து ஐந்து வரை. ஒருவருக்குத்தான் 5 தரலாம், ஒருவருக்காவது 2 போட்டே ஆக வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. ஒருவர் மாதம் 62 டிக்கெட் (கணினியில் பதிவாகும் ஒவ்வொரு புகாரையும் அப்படித்தான் சொல்வோம்) முடிக்கிறார், மீட்டிங்கில் கலகலப்பாகப் பேசுவார், மேனேஜருக்கும் அவரைப் பிடிக்கும். இன்னொருவர் 31தான் முடிக்கிறார், வாயே திறக்க மாட்டார், ஆனால் யாருக்குச் சிக்கல் வந்தாலும் அவர் மேஜைக்குத்தான் போகிறார்கள். மூன்றாமவர் வருடம் முழுக்க ஒழுங்காக இருந்துவிட்டு, போன மாதம் ஒரு பெரிய வாடிக்கையாளருக்குத் தவறான கோப்பை அனுப்பி மாட்டிக்கொண்டார். எட்டுப் பேரில் ஒருத்தி என் நெருங்கிய தோழி. பேசாமல் டிக்கெட் எண்ணிக்கையை மட்டும் வைத்து வரிசைப்படுத்திவிட்டால் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாதல்லவா? படிவம் கொடுக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: குறை சொல்ல முடியாது என்பது உண்மைதான். எண்ணிக்கையைக் காட்டினால் எதிரில் இருப்பவர் வாயடைத்துப் போவார். ஆனால் உங்கள் கடிதத்தை நீங்களே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். 31 டிக்கெட்காரரைப் பற்றிச் சொல்லும்போது ஓர் ‘ஆனால்’ போட்டிருக்கிறீர்கள். அது உறுத்துவதால்தான் எனக்கு எழுதினீர்கள் என்று நினைக்கிறேன். எண்ணிக்கை உங்களைக் காப்பாற்றிவிடும். அந்த மனிதரைக் காப்பாற்றாது.

மனிதவளத் துறைக்கு வந்த புதிதில் எனக்குக் கீழே ஆறு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் எதையும் மெதுவாகத்தான் முடிப்பார். மாதக் கடைசியில் அவருடைய கணக்கு எப்போதும் கடைசி வரிசையில் நிற்கும். இரண்டு நிமிடம்கூட யோசிக்காமல் அவருக்கு 2 போட்டேன். மூன்று மாதத்தில் வேலையை விட்டுப் போனார். அவருடைய கோப்புகளை மற்ற ஐந்து பேருக்கும் பிரித்துக் கொடுத்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. யாரும் தொட விரும்பாத, தோண்டத் தோண்ட நீளும் வேலைகளை எல்லோரும் அவர் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறார்கள். அவரும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிவைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு மணி நேரம் அந்தக் கோப்புகளைப் புரட்டியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். நான் பார்த்தது கூட்டுத்தொகையை மட்டும். அன்றிலிருந்து, ஆளை மதிப்பிடாதே, அவர் செய்த வேலைகளை ஒவ்வொன்றாக மதிப்பிடு என்பதைத்தான் என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்லிவருகிறேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் அந்த 62ஐயும் 31ஐயும் பிரித்துப் பார்ப்போம். உங்கள் டிக்கெட் மென்பொருளில் இரண்டு தகவல் கட்டாயம் கிடைக்கும். ஒன்று, புகார் எந்த வகை. இன்னொன்று, முடித்ததாகச் சொன்ன பிறகு எத்தனை டிக்கெட் மறுபடி திறக்கப்பட்டது. கடவுச்சொல் மறந்துவிட்டது என்கிற புகாரை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். தரவு காணாமல் போனது என்ற புகார் இரண்டு நாள் தின்னும். மென்பொருளின் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். 62இல் நாற்பது கடவுச்சொல் விவகாரம், பன்னிரண்டு திரும்பி வந்தவை என்று தெரிந்தால் அந்த எண்ணை நீங்கள் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

அவசரப்பட்டு மறுபக்கம் சாய்ந்துவிடவும் வேண்டாம். 62 முடிப்பவர் உண்மையிலேயே கைவேகம் உள்ளவராக இருக்கலாம். வாய் திறக்காதவரெல்லாம் ஆழமானவர் என்று நினைப்பது சினிமாத்தனம். பட்டியலை எடுத்துப் பார்த்த பிறகு பேசுவோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1975இல் சார்லஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர், நாட்டின் பணப்புழக்கக் கொள்கையைப் பற்றிப் பேசும்போது ஒரு கருத்தைச் சொன்னார். ஓர் அளவீட்டைக் கட்டுப்பாட்டுக்கான கருவியாக்கிவிட்டால், அதுவரை அது காட்டிவந்த ஒழுங்கு குலைந்துவிடும் என்பது அதன் சாரம். மத்திய வங்கிக்காகச் சொன்னது உங்கள் எட்டுப் பேர் குழுவுக்கும் அப்படியே பொருந்தும். இந்த வருடம் எண்ணிக்கையை வைத்து வரிசைப்படுத்தினால், அடுத்த வருடம் காலையில் முதலில் வருகிறவர் சுலபமான டிக்கெட்டுகளை அள்ளிக்கொள்வார். கடினமானவை வரிசையின் அடியில் கிடந்து புழுங்கும். அடுத்தவர் வந்து சந்தேகம் கேட்டால், ‘கொஞ்சம் பிஸி’ என்ற பதில்தான் வரும். மென்பொருளின் எண்ணிக்கை அப்போதும் ஏறிக்கொண்டுதான் இருக்கும், அதுதான் கொடுமை.

மேஜைக்குப் போய் உதவி கேட்பது எந்த மென்பொருளிலும் பதிவாகாது. அதற்கு ஒரே ஒரு கேள்வி போதும். எட்டுப் பேரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்: இந்த வருடம் எந்தெந்தச் சிக்கலுக்கு யாரிடம் போய் நின்றீர்கள்? ‘யார் நல்லவர்’ என்று கேட்காதீர்கள், கேட்டால் பிடித்தவர் பெயர்தான் வரும். சிக்கலின் பெயரும் ஆளின் பெயரும் சேர்ந்து வர வேண்டும். ஐந்து பேர் ஒரே மேஜையைக் காட்டினால் அதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

இனி அந்தக் கலகலப்பானவர். 1920இல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர், ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழ் இருந்தவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை ஆராய்ந்தார். உடற்கட்டு, அறிவு, தலைமைப்பண்பு, குணம் என்று தனித்தனியாகத்தான் கேட்கப்பட்டிருந்தது. வந்த மதிப்பெண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. உடற்கட்டில் நல்ல மதிப்பெண் வாங்கியவர் அறிவிலும் குணத்திலும்கூட நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தார். நிஜத்தில் இவை இவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து வர முடியாது. ஒட்டுமொத்தமாக ஓர் ஆளைப் பிடித்துவிட்டால், அந்த வெளிச்சம் அவருடைய எல்லாப் பெட்டிகளிலும் விழுகிறது. ஒளிவட்ட விளைவு என்று இதற்குப் பெயர். அந்த அதிகாரிகள் ஏமாற்றவில்லை. தாங்கள் நான்கு விஷயங்களைத் தனித்தனியாகப் பார்ப்பதாகத்தான் நம்பினார்கள். உங்கள் மேனேஜரும் நம்புவார். நீங்களும்தான்.

இதை மனஉறுதியால் வெல்ல முடியாது, செய்யும் முறையை மாற்றினால் ஓரளவு வெல்லலாம். வழக்கமாக எல்லோரும் ஓர் ஆளை எடுத்து, அவருடைய படிவத்தை மேலிருந்து கீழ்வரை நிரப்பிவிட்டு, அடுத்த ஆளுக்குப் போவார்கள். நீங்கள் குறுக்கே போங்கள். ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு எட்டுப் பேருக்கும் மதிப்பெண் போடுங்கள். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். முடிந்தால் மறுநாள் போங்கள். தேர்வுத் தாள் திருத்தும் அனுபவசாலிகள் முதல் கேள்விக்கான விடையை எல்லாத் தாள்களிலும் திருத்திவிட்டுத்தான் இரண்டாம் கேள்வியைத் தொடுவார்கள். அதே காரணம்தான்.

கேள்விகள் ஐந்து ஆறுக்கு மேல் வேண்டாம். ‘பொறுப்புணர்வு’, ‘ஈடுபாடு’ போன்ற சொற்களைப் படிவத்தில் பார்த்தால் எனக்கு ஒவ்வாமை வந்துவிடும். எட்டுப் பேர் எட்டு விதமாகப் புரிந்துகொள்ளக்கூடிய சொல்லுக்கு எதை வைத்து மதிப்பெண் போடுவது? கண்ணால் பார்க்கக்கூடியதைக் கேளுங்கள். முடித்த வேலை திரும்பி வராமல் இருந்ததா, கடினமான டிக்கெட்டைத் தானாக எடுத்தாரா, வாடிக்கையாளருக்குப் புரியும்படி எழுதினாரா, அடுத்தவருக்குக் கைகொடுத்தாரா, தவறு நடந்தபோது தானே முன்வந்து சொன்னாரா. ஒவ்வொன்றுக்கும் 2 என்றால் என்ன, 3 என்றால் என்ன, 5 என்றால் என்ன என்று ஒரு வரி எழுதிவைத்துக்கொண்டு பிறகு ஆட்களுக்குப் போங்கள். ஆளைப் பார்த்த பிறகு அந்த வரியை எழுதினால், பிடித்தவருக்கு ஏற்ற மாதிரிதான் அது வளையும்.

‘அப்படியானால் என் உள்ளுணர்வுக்கு மதிப்பே இல்லையா?’ என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது, கடைசியில். பின்னாளில் 2002இல் பொருளாதார நோபல் பெற்ற டேனியல் கானமன், 1950களில் இஸ்ரேல் ராணுவத்தில் இளம் அதிகாரியாக இருந்தபோது புதிதாகச் சேர்கிறவர்களுக்கான நேர்காணலை மாற்றியமைத்தார். ஆறு பண்புகள். ஒவ்வொன்றையும் பற்றி நடந்தவற்றைக் கேட்டு, மதிப்பெண் எழுதிய பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். எங்களை இயந்திரமாக்குகிறீர்கள் என்று நேர்காணல் செய்தவர்கள் கோபப்பட்டார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த, எல்லாம் முடிந்ததும் கண்ணை மூடி, இவர் எப்படிப்பட்ட வீரராக வருவார் என்று மனதில் தோன்றும் ஒரு மதிப்பெண்ணையும் சேர்த்துப் போடச் சொன்னார். பிறகு சோதித்துப் பார்த்தபோது அந்தக் கண்மூடி மதிப்பெண்ணும் ஆறின் கூட்டுத்தொகை அளவுக்கே நன்றாகப் பலித்திருந்தது. பழைய முறையில் பலிக்காத உள்ளுணர்வு, விவரங்களைத் தனித்தனியாகப் பார்த்து முடித்த பிறகு பலித்தது. ஆகவே உங்கள் மனம் சொல்வதை எழுதுங்கள், ஐந்து கேள்விகளும் முடிந்த பின்.

மூன்றாமவர் விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்தது இவர்தான். படிவம் வருகிற நேரத்தில் நடந்த தவறு, பத்து மாத வேலையை மறைத்துவிடும். இதே தவறு வருடத்தின் இரண்டாம் மாதத்தில் நடந்திருந்தால் எனக்கு எழுதியிருப்பீர்களா? ஜான் ஃபிளனகன் என்ற உளவியலாளர் 1954இல் விளக்கிய முறை ஒன்று உண்டு. ஓர் ஆளைப் பற்றிப் பொதுவாக ‘நல்லவர், மந்தமானவர்’ என்று எழுதாமல், குறிப்பிட்ட சம்பவங்களை, அவை நடக்க நடக்க, என்ன சூழல், என்ன செய்தார், என்ன ஆனது என்று குறித்துக்கொண்டே வருவது. ஏழு மாதமாக நீங்கள் குறித்திருக்க மாட்டீர்கள், பரவாயில்லை, யாரும் குறிப்பதில்லை. மின்னஞ்சலையும் டிக்கெட் வரலாற்றையும் வைத்து ஆளுக்கு ஆறு சம்பவமாவது தோண்டி எடுங்கள், வருடத்தின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும். நீங்கள் பொறுப்பேற்பதற்கு முந்தைய ஐந்து மாதத்துக்குப் பழைய லீடரிடம் கேளுங்கள். முதல் வாரம் முழுக்க இதற்கே போய்விடும், போகட்டும்.

அந்தக் கோப்பு எப்படித் தவறிப் போனது என்பதையும் பாருங்கள். இரண்டு வாடிக்கையாளரின் கோப்புகள் ஒரே மாதிரிப் பெயரில், ஒரே இடத்தில் கிடந்தன என்றால், அதே தவறை மற்ற ஏழு பேரும் செய்யும் தூரத்தில்தான் இருக்கிறார்கள். அனுப்புவதற்கு முன் சரிபார்க்கும் விதி இருந்து, அதை அவர் தாண்டிப் போனார் என்றால் அது வேறு கதை. அப்புறம், தவறைக் கண்டுபிடித்தது யார்? அவரே பார்த்துப் பத்து நிமிடத்தில் உங்களிடம் ஓடி வந்தாரா, வாடிக்கையாளர் கூப்பிட்டுத் திட்டிய பிறகு தெரிந்ததா? என்னைக் கேட்டால் மதிப்பெண் அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான்.

இந்த இடத்தில் அதட்டிப் பார்க்கும் ஆசையும் வரும். அதே இஸ்ரேல் ராணுவத்தில், விமானப் பயிற்சியாளர்களிடம் பாராட்டின் பயனைப் பற்றி கானமன் பேசியபோது ஒருவர் எழுந்து மறுத்தார். நன்றாக ஓட்டியவனைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான், சொதப்பியவனைத் திட்டினால் அடுத்த முறை நன்றாக ஓட்டுகிறான் என்றார். அவர் பார்த்தது உண்மை, சொன்ன காரணம்தான் தப்பு. வழக்கத்தைவிட மிக நன்றாகவோ மிக மோசமாகவோ அமைந்த ஒரு முயற்சிக்கு அடுத்தது, யாரும் எதுவும் சொல்லாவிட்டாலும் பெரும்பாலும் வழக்கமான நிலைக்குத்தான் திரும்பும். போன மாதம் தவறு செய்தவர் இந்த மாதம் ஒழுங்காக இருப்பார். ‘திட்டினேன், திருந்தினார்’ என்று நீங்கள் நினைத்துக்கொண்டால், அந்தப் பாடம் உங்கள் பதவிக்காலம் முழுக்கக் கூடவே வரும்.

‘ஒருவருக்காவது 2’ என்ற உத்தரவு. இது தவறான விதி என்பது என் கருத்து, மறைத்துப் பேச விருப்பமில்லை. எட்வர்ட்ஸ் டெமிங் என்ற புள்ளியியலாளர் தன் கருத்தரங்குகளில் ஒரு விளையாட்டு காட்டுவார். ஒரு பெட்டி நிறைய மணிகள், அவற்றில் ஐந்தில் ஒன்று சிவப்பு. ஐம்பது குழிகள் உள்ள ஒரு பலகையை அதில் முக்கி எடுக்க வேண்டும். சிவப்பு மணி வந்தால் குறைபாடு. ஒருவருக்கு ஆறு சிவப்பு வரும், இன்னொருவருக்குப் பதினான்கு. டெமிங் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு ஆறு வந்தவரைப் பாராட்டுவார், பதினான்கு வந்தவரை எச்சரிப்பார். கூட்டம் சிரிக்கும். மணியை யாரும் பார்த்து எடுக்கவில்லை, வித்தியாசம் முழுக்கப் பெட்டியிலிருந்து வந்தது. நிஜ அலுவலகத்தில் வித்தியாசம் முழுவதும் அதிர்ஷ்டம் என்று நான் சொல்லவில்லை. எட்டுப் பேரில் ஏழாமவருக்கும் எட்டாமவருக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் நிறைய சிவப்பு மணி இருக்கும் என்கிறேன்.

கணக்காகவே பார்த்துவிடலாம். 800 பேர் உள்ள நிறுவனத்தில் உண்மையாகவே மந்தமானவர்கள் எட்டில் ஒருவர், அதாவது 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். 800 பேரையும் குலுக்கி எட்டெட்டுப் பேராக 100 குழு அமைத்தால், ஏறத்தாழ 34 குழுக்களில் அப்படி ஒருவர்கூட இருக்க மாட்டார். சில குழுக்களில் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். ஒவ்வொரு குழுவிலும் ஒருவருக்கு 2 போடச் சொன்னால், அந்த 34 குழுக்களிலும் ஒழுங்காக வேலை செய்த ஒருவர் அடி வாங்குவார். இந்த வகைக் கட்டாய வரிசைமுறையை மைக்ரோசாஃப்ட் 2013இல் கைவிட்டது.

நீங்கள் அதைக் கைவிட வைக்க முடியாது, தெரியும். முடிந்தது இவ்வளவுதான்: கேள்விகளின்படி வந்த மதிப்பெண்ணில் யாரும் 2க்கு வரவில்லை என்றால், சம்பவக் குறிப்புகளோடு மேனேஜருக்கு அதை எழுத்தில் கொடுங்கள். குழுக்களைச் சேர்த்து நாற்பது ஐம்பது பேருக்கு ஒரே வரிசை போடலாமே என்று கேளுங்கள். பல மேனேஜர்கள் இதற்கு இறங்கி வருவார்கள், அவர்களுக்கும் இந்த உத்தரவு பிடிப்பதில்லை. மறுத்துவிட்டால் உங்கள் கணக்கில் கடைசியில் வந்தவருக்குத்தான் போட வேண்டும். அவரிடம் ‘நீ மோசம்’ என்று காரணம் ஜோடிக்காதீர்கள். மதிப்பெண் இது, விதி இது, இரண்டும் வேறு வேறு என்று சொல்லுங்கள். விதியை உங்கள் கருத்தாக்கிச் சொன்னால் அவர் அதை நம்பிவிடுவார்.

உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மேலாளர்களுக்கு அவர்களுடைய மேலதிகாரிகள், சக ஊழியர்கள், கீழ் வேலை பார்ப்பவர்கள் போட்ட மதிப்பெண்களை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2000இல் வெளியானது. மதிப்பெண்களில் இருந்த ஏற்ற இறக்கத்தில் பாதிக்கும் மேல், போட்டவரின் தனிப்பட்ட போக்கிலிருந்து வந்தது. வாங்கியவரின் வேலைத்திறனிலிருந்து வந்தது அதைவிடக் குறைவு. தாராளமாகப் போடுகிறவர், கறாராகப் போடுகிறவர், எல்லோருக்கும் 3 போட்டுத் தப்பிக்கிறவர் என்று ஆளுக்கொரு கை உண்டு. அதனால் பெயரை மறைத்த சம்பவக் குறிப்புகளை இன்னொரு டீம் லீடரிடம் கொடுத்து, உங்கள் மதிப்பெண்ணைக் காட்டாமல், அவரையும் போடச் சொல்லுங்கள். இரண்டு புள்ளி வேறுபடும் இடத்தில் மட்டும் உட்கார்ந்து பேசினால் போதும்.

தோழிக்கும் இதுவே நல்ல வழி, அவளுடைய தாளுக்கு முதலில் அந்த இன்னொரு டீம் லீடரே மதிப்பெண் போடட்டும். நட்பு உள்ள இடத்தில் நாம் சலுகை காட்டுவோம் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை நேர்மையான ஆட்கள் எதிர்த்தப்பைத்தான் செய்கிறார்கள். பேர் கெட்டுவிடுமோ என்று பயந்து, 4 வாங்க வேண்டியவளுக்கு 3 போடுகிறார்கள். அதுவும் அநியாயம்தான். படிவம் போவதற்கு முன்பே, உன் தாளை இன்னொருவரும் பார்க்கிறார் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள்.

மதிப்பெண் போட்ட பிறகு பேச்சு இருக்கிறதே, அதில்தான் பலர் வழுக்குகிறார்கள். 1996இல் க்ளூகர், டெனிசி என்ற இருவர் கருத்துரை, அதாவது ஒருவரின் வேலை எப்படி இருந்தது என்று அவரிடமே சொல்வது பற்றிய நூற்றுக்கணக்கான சோதனை முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பலன் இருந்தது. ஆனால் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்டவற்றில், கருத்துரை சொன்ன பிறகு வேலை முன்பைவிட மோசமாகியிருந்தது. கவனம் வேலையிலிருந்து விலகி ‘நான் எப்படிப்பட்டவன்’ என்பதற்குப் போகும்போது இப்படி ஆகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ஆகவே ‘நீங்கள் கவனக்குறைவானவர்’ என்று தொடங்காமல், ‘இந்த டிக்கெட்டில் இந்த இடத்தில்’ என்று தொடங்குங்கள். பாராட்டும்போதும் அப்படியே.

உங்களுக்குக் கடினமாக இருக்கப்போவது, தவறு செய்தவரோடு பேசும் பேச்சு அல்ல. அவர் தயாராகத்தான் வருவார். 62 டிக்கெட்காரருக்கு 5 வராமல் போனால், அதுதான் சூடான அரை மணி நேரம். எனக்கு மேல் யார் முடித்தார் என்று கேட்பார், மேனேஜர் பெயரையும் இழுப்பார். அவரிடம் மற்றவரைப் பற்றிப் பேச வேண்டாம். அவருடைய மறுதிறப்புப் பட்டியலை அச்செடுத்து மேஜையில் வையுங்கள், முதல் மூன்று டிக்கெட்டுகளை அவரையே படிக்கச் சொல்லுங்கள். பட்டியல் சுத்தமாக இருந்து, கடினமானவையும் அதில் இருந்தால், 5 அவருக்குத்தான். அப்படியானால் அந்த அரை மணி நேரத்தை 31 டிக்கெட்காரருக்கு ஒதுக்குங்கள். ஐந்து பேர் அவருடைய மேஜையைக் காட்டினார்கள் என்பதை, என்னென்ன சிக்கலுக்கு என்ற பட்டியலோடு, அவரிடம் சொல்ல வேண்டியிருக்கும்.